தண்ணீர் மேசர் புள்ளிகள் வரிசையாக நின்றால் அது வட்டா, ஜெட்டா?

தம்பி, நீங்கள் கேட்டதைச் சரியாகப் புரிந்துகொண்டேனா என்று முதலில் பார்த்துவிடுகிறேன். தர்மபுரியில் முதுகலை இயற்பியல் படிக்கிறீர்கள். புராஜெக்டுக்காக, பெரிய நட்சத்திரங்கள் பிறக்கும் மேகங்களில் தெரியும் தண்ணீர் மேசர்களைப் பற்றிப் படித்திருக்கிறீர்கள். லேசர் ஒளியைப் பெருக்குவது போல, வாயுவிலுள்ள தண்ணீர் மூலக்கூறுகள் ரேடியோ அலையைப் பெருக்கி அனுப்பும் இடங்கள் அவை. ஒரு கட்டுரை, மேசர் புள்ளிகள் வரிசையாக நிற்பதைக் காட்டி, இது நட்சத்திரத்தைச் சுற்றும் வட்டு என்கிறது. இன்னொரு கட்டுரை கிட்டத்தட்ட அதே மாதிரி வரிசையைக் காட்டி, இது நட்சத்திரத்திலிருந்து பீய்ச்சும் ஜெட் என்கிறது. எதை நம்புவது என்று கேட்டிருக்கிறீர்கள். அங்கே அவ்வளவு தண்ணீர் இருக்கிறதா என்பது இரண்டாவது கேள்வி. பென்னாகரத்தில் வீட்டு மாடியில் கிடக்கும் டிஷ்ஷை வைத்து இதைப் பிடிக்க முடியுமா என்று கடைசியில் ஒரு வரி. அந்தக் கடைசி வரிதான் எனக்கு ரொம்பப் பிடித்தது. அதற்கும் வருகிறேன்.

நான் கிருஷ்ணகிரியில் இருக்கிறேன். முனைவர் பட்டத்துக்கு எடுத்துக்கொண்டது இந்த 22 ஜிகாஹெர்ட்ஸ் தண்ணீர் மேசர்களைத்தான். அப்புறமும் பதினான்கு வருடம் அந்தத் தரவுகளோடே உட்கார்ந்திருந்தேன். இப்போது கல்லூரியில் பாடம் நடத்துகிறேன். தரவைச் சுத்தம் செய்வதும் படமாக்குவதும் என் கைப்பழக்கம். ரிசீவர் கட்டுவதில் என் அனுபவம் 12 ஜிகாஹெர்ட்ஸோடு நின்றுவிட்டது. அதற்கு மேல் சொல்வது கணக்குப் போட்டுச் சொல்வது என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

தண்ணீரின் அளவை முதலில் முடித்துவிடலாம். கடலும் கிடையாது, ஏரியும் கிடையாது. மேசர் வரும் இடத்தில் கன சென்டிமீட்டருக்கு 10 கோடி முதல் 100 கோடி வரை ஹைட்ரஜன் மூலக்கூறுகள் இருக்கும். தண்ணீர் அதில் அதிகம் போனால் பத்தாயிரத்தில் ஒன்று. நாம் சுவாசிக்கும் காற்று அந்த வாயுவைவிட ஆயிரம் கோடி மடங்குக்கும் மேல் அடர்த்தியானது. ஆனால் அந்த மெல்லிய வாயு ஒரே வேகத்தில், கோடிக்கணக்கான கிலோமீட்டர் நீளத்துக்குப் பரவிக் கிடக்கிறது. மேசருக்கு வேண்டியது அந்த நீளம்தான்.

நடப்பது இதுதான். பிறந்துகொண்டிருக்கும் நட்சத்திரத்திலிருந்து வேகமாக வெளியேறும் வாயு, சுற்றியிருக்கும் அடர்ந்த வாயுவில் மோதுகிறது. ஒகேனக்கல்லில் தண்ணீர் ஓடுகிற இடமெல்லாம் சாரல் எழும்புவதில்லை, பாறையில் அறைகிற இடத்தில்தான் எழும்புகிறது. அப்படித்தான் மோதல் நடக்கும் மெல்லிய அடுக்கில் (இதைத்தான் அதிர்ச்சி அலை என்கிறோம்) வாயு சுமார் 400 கெல்வின் வரை சூடாகி, தண்ணீர் மூலக்கூறுகள் மற்ற மூலக்கூறுகளோடு இடித்து இடித்து மேல் ஆற்றல் நிலைகளுக்கு ஏறுகின்றன. அங்கிருந்து இறங்கும்போது ஒரு குறிப்பிட்ட ஜோடி நிலைகளில் கீழ்நிலை சீக்கிரம் காலியாகிவிடுகிறது, மேல்நிலை தேங்கி நிற்கிறது. அந்த நிலையில் 22.235 ஜிகாஹெர்ட்ஸ் அலை ஒன்று உள்ளே போனால், வழியில் உள்ள ஒவ்வொரு மூலக்கூறும் அதே அலையைச் சேர்த்து அனுப்புகிறது. அலைநீளம் 1.35 சென்டிமீட்டர், சுண்டுவிரல் அகலம். பெருக்கம் தூரத்தோடு அடுக்குக்குறியாக வளரும் என்பதால், வழி கொஞ்சம் நீண்டாலே வெளிச்சம் பல மடங்கு ஆகிவிடும்.

1969-ல் சார்லஸ் டவுன்ஸ் குழுவினர் கலிஃபோர்னியாவின் ஹாட் க்ரீக்கில் வெறும் 6 மீட்டர் டிஷ்ஷை வைத்து இதைக் கண்டுபிடித்தார்கள். ஓரியன், சஜிட்டேரியஸ் பி2, டபிள்யூ 49 என்ற மூன்று மேகங்களில் பார்த்தார்கள். மேசர் என்ற கருவியை 1954-ல் மேசைமேல் செய்து காட்டியவரும் அதே டவுன்ஸ்தான். பதினைந்து வருடம் கழித்து அது வானத்தில் தானாகவே நடப்பதை அவரே பார்த்தார். ஒவ்வொரு வருடமும் இதை வகுப்பில் சொல்லும்போது எனக்கு உடம்பு சிலிர்க்கும்.

சரி, வட்டா ஜெட்டா என்ற கேள்விக்கு வருவோம். இதற்குப் பதில் சொல்லும் முன் ஒரு காட்சியை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கிருஷ்ணகிரி அணைக்கரையில் காலை ஏழு மணிக்கு நின்று தண்ணீரைப் பாருங்கள். வெயில் பட்டு அங்கங்கே பளிச் பளிச்சென்று மின்னும். அந்த மினுக்கு இருக்கிற இடத்தில் மட்டும்தான் தண்ணீர் என்று யாரும் சொல்ல மாட்டோம். சூரியன், அலையின் சாய்வு, நம் கண் மூன்றும் ஒத்துப்போன இடம் மின்னுகிறது, அவ்வளவுதான். பத்தடி தள்ளி நின்றால் வேறு இடங்கள் மின்னும். மேசர் புள்ளியும் அப்படியே. வாயு எங்கெல்லாம் இருக்கிறது என்பதை அது காட்டாது. எங்கே வெப்பமும் அடர்த்தியும் சரியாக அமைந்து, ஒரே வேகத்தில் நகரும் வாயுவின் நீளமான பாதை பூமியை நோக்கியே கிடக்கிறதோ, அந்த இடத்தை மட்டும் காட்டும். ஒவ்வொரு புள்ளியின் அளவும் ஏறத்தாழ பூமிக்கும் சூரியனுக்கும் உள்ள தூரம். அதைச் சுற்றி அதே மாதிரி வாயு எவ்வளவோ இருக்கலாம், நமக்குத் தெரியாமல் இருட்டில் கிடக்கும்.

அதனால் ஒரே ஒரு நாள் எடுத்த படத்தில் ஏழெட்டுப் புள்ளிகள் நேர்கோட்டில் நிற்பதும், ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு வேகம் சீராக மாறுவதும் வட்டுக்கு ஆதாரம் ஆகாது. பக்கவாட்டில் பார்க்கும் வட்டும் அப்படித் தெரியும். முன்னே போகப் போக வேகம் கூடும் ஜெட்டும் அப்படித் தெரியும். வளைந்த அதிர்ச்சி அலையின் ஓரமும் அப்படியே தெரியும். இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டவன். ஆராய்ச்சியின் மூன்றாம் வருடம், ஒரு மேகத்தின் தரவை அலைவரிசை அலைவரிசையாகத் திரையில் ஓட்டிக்கொண்டிருந்தேன். ஒரு சேனலில் ஒரு புள்ளி, அடுத்த சேனலில் அது கொஞ்சம் வடக்கே, அதற்கடுத்ததில் இன்னும் கொஞ்சம் வடக்கே. எறும்பு ஊர்வது மாதிரி ஒரே கோட்டில் போனது. அன்று ராத்திரியே சுழலும் வட்டு என்று வரைவு எழுதி, நடுவில் உள்ள நட்சத்திரத்தின் நிறையையும் கணக்குப் போட்டுவிட்டேன். எட்டு மாதம் கழித்து அதே இடத்தின் இரண்டாவது தரவு வந்தது. ஒன்பது புள்ளிகளில் மூன்று காணாமல் போயிருந்தன. மிச்சமிருந்த ஆறும் அந்தக் கோட்டின் நெடுக, நடுவைவிட்டு வெளிப்பக்கமாக நகர்ந்திருந்தன. வட்டு அப்படி நகராது. அது ஜெட். வரைவைக் கிழித்துப்போட்டுவிட்டு முதலிலிருந்து எழுதினேன்.

ஆகவே என் பதில் இது: வரிசையை நம்பாதீர்கள், நகர்வை நம்புங்கள். நிறமாலையிலுள்ள டாப்ளர் விலகல், அதாவது வேகத்தால் அதிர்வெண் மாறுவது, நம்மை நோக்கிய வேகத்தை மட்டும் தரும். வானத்தின் குறுக்கே நகரும் வேகம் வேண்டுமென்றால் ஒரே மேகத்தைப் பல தேதிகளில் பார்த்தாக வேண்டும். ஹவாயிலிருந்து கரீபியன் தீவு வரை பரவியிருக்கும் வி.எல்.பி.ஏ. என்ற பத்து ஆன்டெனா வரிசை இந்த அலைநீளத்தில் சுமார் 0.3 மில்லி ஆர்க் செகண்ட் (ஆர்க் செகண்ட் என்பது ஒரு டிகிரியில் 3,600-ல் ஒரு பங்கு, மில்லி என்றால் அதிலும் ஆயிரத்தில் ஒன்று) வரை பிரித்துக் காட்டும். கிருஷ்ணகிரியில் நின்றுகொண்டு, சென்னையில் பக்கத்துப் பக்கத்தில் கிடக்கும் இரண்டு ரவைத் துகள்களை இரண்டாகப் பார்ப்பது போல. நாலாயிரம் ஒளியாண்டு தொலைவில் நொடிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் போகும் புள்ளி ஒரு வருடத்தில் 5 மில்லி ஆர்க் செகண்ட் நகரும். ஒரே மாதத்தில் கண்ணுக்குத் தெரிந்துவிடும். மாதக்கணக்கில் காத்திருக்கவும் கூடாது, ஏனென்றால் பல புள்ளிகள் சில வாரங்களிலேயே அணைந்துவிடும். என் முதல் தரவுக்கும் இரண்டாவதுக்கும் இருந்த எட்டு மாத இடைவெளி ரொம்ப அதிகம். ஆறு புள்ளிகள் தப்பிப் பிழைத்தது என் அதிர்ஷ்டம்.

இதற்கு எனக்குப் பிடித்த உதாரணம் டபிள்யூ 75 வடக்கு என்ற மேகம். அங்கே இரண்டு இளம் பெருநட்சத்திரங்கள் ஒரு ஆர்க் செகண்டுக்கும் குறைவான இடைவெளியில், ஒரே வாயுக்குள் இருக்கின்றன. ஒன்றைச் சுற்றியுள்ள மேசர்கள் நீளவாக்கில் ஜெட் போல நிற்கின்றன. பக்கத்திலேயே மற்றொன்றைச் சுற்றி அவை வளையமாக விரிகின்றன. 1996 முதல் சில வருட இடைவெளியில் திரும்பத் திரும்பப் பார்த்ததில், ஏறத்தாழ வட்டமாக இருந்த அந்த வளையம் நீள்வட்டமாக மாறியது. 2014 வரை எடுத்த ரேடியோ படங்களில் அந்த நட்சத்திரத்தின் அயனி வாயுவும் அதே திசையில் நீண்டிருந்தது. ஒரு நட்சத்திரத்தின் வெளிப்பாய்ச்சல் திசை பிடிக்கத் தொடங்குவதை ஒரு மனிதனின் வேலைக்காலத்துக்குள் பார்த்துவிட்டார்கள். ஏதோ ஒரு வருடப் படத்தை மட்டும் எடுத்துக்கொண்டு பேசியிருந்தால் இது தெரிந்தே இருக்காது.

அப்படியானால் வட்டு என்று சொல்வதெல்லாம் தப்பா? இல்லை. என்ஜிசி 4258 என்ற வேறொரு விண்மீன் மண்டலத்தின் நடுவில் தண்ணீர் மேசர்கள் வட்டில்தான் இருக்கின்றன. 1995-ல் அதை அசைக்க முடியாதபடி காட்டினார்கள். மையத்திலிருந்து தள்ளிப் போகப் போக வேகம், தூரத்தின் வர்க்கமூலத்துக்கு எதிர்விகிதத்தில், கெப்ளர் விதிப்படி அச்சாகக் குறைந்தது. ஆனால் அது நட்சத்திரம் பிறக்கும் இடம் கிடையாது, நடுவே இருப்பது கோடிக்கணக்கான சூரிய நிறையுள்ள கருந்துளை. நட்சத்திர மேகங்களில் அந்த அளவு சுத்தமான வளைவு கிடைப்பது அரிது. மெத்தனால் மேசர்களிலும் ஒரு காலத்தில் வரிசையைப் பார்த்து வட்டு என்று நிறையப் பேர் எழுதினார்கள். வட்டாக இருந்தால் வெளிப்பாய்ச்சல் அந்தக் கோட்டுக்குச் செங்குத்தாகப் போக வேண்டும். 2003-ல் அகச்சிவப்பில் ஹைட்ரஜன் வெளிப்பாய்ச்சலைத் தேடிப் பார்த்தபோது, கிடைத்த இடங்களில் பெரும்பாலும் அது கோட்டுக்கு இணையாகத்தான் இருந்தது. உங்கள் கையிலுள்ள வட்டுக் கட்டுரைக்கும் இதே சோதனையை வையுங்கள். எத்தனை தேதிகளில் பார்த்தார்கள்? வெளிப்பாய்ச்சலின் திசையை வேறு வழியில் உறுதி செய்தார்களா? வேகம் கெப்ளர் வளைவில் விழுகிறதா, இல்லை வெறும் நேர்கோடா? இந்த மூன்றுக்கும் பதில் இல்லையென்றால் அது இன்னும் ஊகம்தான்.

எதை உறுதியாகச் சொல்லலாம் என்று கேட்டால், அதிர்வெண், புள்ளிகளின் சிறுமை, அதிர்ச்சி அலையோடு உள்ள உறவு ஆகியவை உறுதி. தூர அளவீடும் உறுதி. பூமி சூரியனைச் சுற்றும்போது புள்ளிகள் வானத்தில் லேசாக முன்னும் பின்னும் ஆடுவதை வைத்து, டபிள்யூ 49-ன் வடக்குப் பகுதி சுமார் 36,000 ஒளியாண்டு தொலைவில் இருப்பதாக நேரடியாக அளந்துவிட்டார்கள். கண்ணாடித் தொலைநோக்கிக்கு வழியிலுள்ள தூசி மறைத்துவிடும். சென்டிமீட்டர் அலைக்குத் தூசி ஒரு பொருட்டே கிடையாது.

சந்தேகத்துக்குரியவை இரண்டு. ஒன்று, திடீர் வெடிப்பொளி. ஓரியன் மேகத்தில் 1979 முதல் 1985 வரையும், பிறகு 1998-லும் ஒரு மேசர் மட்டும் பத்து லட்சம் ஜான்ஸ்கியை (ரேடியோ பிரகாசத்தை அளக்கும் அலகு) தாண்டி எரிந்தது. நம் பார்வைக் கோட்டில் இரண்டு வாயுத் திரள்கள் ஒன்றன் பின் ஒன்றாக வந்து, ஒன்றின் ஒளியை மற்றது பெருக்கியது என்பது பலரும் சொல்லும் விளக்கம். எனக்கும் அதுதான் நியாயமாகப் படுகிறது, ஆனால் நிரூபணம் ஆகிவிட்டது என்று எழுதாதீர்கள். இரண்டாவது, முதலில் தண்ணீர் மேசர், அப்புறம் மெத்தனால், அப்புறம் ஹைட்ராக்சில் என்று வயதுவாரியாகப் போடும் வரிசை. ஒரே இடத்தில் மூன்றும் சேர்ந்து இருப்பதைப் பார்த்துக்கொண்டே இருக்கிறோம். அதைக் கடிகாரமாக வைத்து வயது சொல்வதை நான் ஏற்க மாட்டேன்.

நம் நாட்டுக் கருவிகளைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். ஊட்டி ரேடியோ தொலைநோக்கி 327 மெகாஹெர்ட்ஸில் வேலை செய்வது. மகாராஷ்டிராவில் நாராயண்காவ் பக்கத்திலுள்ள ஜி.எம்.ஆர்.டி. ரேடியோ தொலைநோக்கி சுமார் 1,450 மெகாஹெர்ட்ஸோடு நின்றுவிடும். நமக்குப் பக்கத்திலேயே ஜவ்வாது மலையில் இருக்கும் காவலூர், கண்ணுக்குத் தெரியும் ஒளிக்கானது. 22 ஜிகாஹெர்ட்ஸுக்கு இவை எதுவும் உதவாது. ஆனால் அமெரிக்காவின் வி.எல்.ஏ. என்ற ரேடியோ ஆன்டெனா வரிசை எடுத்த பழைய தரவுகள், எடுத்தவர்களின் உரிமைக் காலம் முடிந்ததும் யார் வேண்டுமானாலும் இறக்கிக்கொள்ளும்படி திறந்துவிடப்படுகின்றன. அதைப் படமாக்கும் காசா மென்பொருளும் இலவசம். உங்கள் புராஜெக்டுக்கு இதுவே தாராளம். ஒரே மேகத்தின் இரண்டு தேதித் தரவு கிடைத்தால் இன்னும் நல்லது. வேலையைத் தொடங்கும்போது அந்த மேகத்தின் மிகப் பிரகாசமான சேனலை எடுத்து, அதை வைத்தே முழுத் தரவையும் அளவுதிருத்தம் செய்யுங்கள். நம் வளிமண்டலத்து நீராவி அலையின் கட்டத்தைக் கலைத்துப் போட்டிருக்கும், வலுவான மேசர் ஒன்று இருந்தால் அதைச் சரிக்கட்டிவிடலாம். அப்படிச் செய்யாமல் விட்டால், பிரகாசமான புள்ளியைச் சுற்றி இல்லாத புள்ளிகள் முளைக்கும். அந்தப் பொய்ப் புள்ளிகளும் சில சமயம் வரிசையாகவே நிற்கும், ஜாக்கிரதை.

இப்போது மாடி டிஷ். முடியவே முடியாது என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள், கணக்குப் போடுங்கள். டபிள்யூ 49-ன் மேசர் சாதாரண நாளிலேயே பல ஆயிரம் ஜான்ஸ்கி காட்டும். பத்தாயிரம் என்று வைத்துக்கொள்வோம். 1.2 மீட்டர் டிஷ், பாதித் திறன் என்றால் பயனுள்ள பரப்பு 0.57 சதுர மீட்டர். ஆன்டெனா வெப்பநிலை, அதாவது கெல்வினில் சொல்லும் சிக்னல் வலிமை, சுமார் 2 கெல்வின் வரும். கருவி இரைச்சல் 200 கெல்வின் இருந்தாலும், 50 கிலோஹெர்ட்ஸ் அகலத்தில் ஒரு மணி நேரம் சேர்த்தால் இரைச்சலின் ஏற்ற இறக்கம் 0.015 கெல்வினுக்கு இறங்கிவிடும். அதாவது, சிக்னல் தெளிவாகவே தெரியும். தடை டிஷ் கிடையாது, அதன் மூக்கில் இருந்து சிக்னலை வாங்கி அதிர்வெண்ணைக் குறைத்துத் தரும் எல்.என்.பி.தான். டிவி எல்.என்.பி. 10.7 முதல் 12.75 ஜிகாஹெர்ட்ஸ் வரைதான் வாங்கும். 22-க்குத் தனி ரிசீவர் வேண்டும், விலையும் அதிகம். கல்லூரியில் மைக்ரோவேவ் ஆய்வகம் இருந்தால் அங்கே முதலில் விசாரியுங்கள்.

அதனால் இப்படித் தொடங்கச் சொல்கிறேன். மெத்தனாலுக்கு 12.178 ஜிகாஹெர்ட்ஸில் ஒரு மேசர் உண்டு. அது டிவி எல்.என்.பி.யின் வரம்புக்குள்ளேயே விழுகிறது. வடக்கே, டபிள்யூ 3 மேகத்தில் அது சில நூறு ஜான்ஸ்கி இருக்கும். ஜனவரி மாலை ஏழு மணி வாக்கில் நம் ஊரில் வடக்கே 40 டிகிரி உயரத்தில் நிற்கும், டிவி செயற்கைக்கோள்களின் வரிசைக்கு வெகு தூரத்தில். 60 சென்டிமீட்டர் டிஷ்ஷில் கஷ்டம், ஒரு மீட்டருக்கு மேல் வேண்டும். மாங்காய் விழுந்து நெளிந்த டிஷ் வேண்டாம், மேற்பரப்பு ஒரு மில்லிமீட்டருக்குள் சீராக இருக்க வேண்டும். எல்.என்.பி. அதிர்வெண்ணைப் பூட்டி வைக்கும் பி.எல்.எல். வகையாக இருக்கட்டும், பழைய வகையில் அதிர்வெண் வெயிலில் நகர்ந்துகொண்டே இருக்கும். எல்.என்.பி. தன் 10.6 ஜிகாஹெர்ட்ஸைக் கழித்தபின் சிக்னல் 1,578 மெகாஹெர்ட்ஸ் பக்கத்தில் வரும். கணினியில் செருகும் சாதாரண யு.எஸ்.பி. எஸ்.டி.ஆர். (மென்பொருள் ரேடியோ) அதை வாங்கிவிடும். ஆனால் ஜி.பி.எஸ். 1,575.42-ல் இருக்கிறது, அதனால் கேபிள் இணைப்புகளை நன்றாக மூடிக் கட்டுங்கள்.

பின்னால் 22-க்கான ரிசீவர் கிடைத்தால் டபிள்யூ 49-க்குப் போகலாம். திருவோணம் இருக்கும் கழுகு மண்டலத்தில், தர்மபுரிக்குக் கிட்டத்தட்ட தலைக்கு மேலேயே கடக்கும். ஆகஸ்ட் இரவில் அழகாகத் தெரியும் இடம்தான், ஆனால் அப்போது காற்றில் ஈரம் அதிகம். நம் வளிமண்டல நீராவியும் இதே 22 ஜிகாஹெர்ட்ஸ் அலையைத்தான் உறிஞ்சும். ரேடியோவுக்குப் பகல் வெளிச்சம் தடை இல்லை என்பதால் மார்ச் மாதத்தில், காலை எட்டு மணி வாக்கில் அது உச்சியில் இருக்கும்போது பாருங்கள். காற்று காய்ந்திருக்கும்.

கிடைத்தது வானத்துச் சிக்னலா, பக்கத்து வீட்டுக் கருவியின் இரைச்சலா என்று அறிய நல்ல வழி ஒன்று உண்டு. பூமி நொடிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் சூரியனைச் சுற்றுகிறது. அதனால் டபிள்யூ 49-ன் உச்சம், வருடத்தின் நடுநிலையிலிருந்து இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஏறத்தாழ 2 மெகாஹெர்ட்ஸ் வரை நகரும். டபிள்யூ 3-ன் மெத்தனால் உச்சம் ஒரு மெகாஹெர்ட்ஸுக்குக் கொஞ்சம் குறைவாக நகரும். உள்ளூர் இரைச்சல் இருந்த இடத்திலேயே இருக்கும். ஒவ்வொரு பதிவிலும் தேதி, நேரம், டிஷ்ஷின் கோணம், அன்றைய ஈரப்பதம் எல்லாவற்றையும் எழுதி வையுங்கள். ஜனவரியில் ஒரு வரைபடம், மே மாதத்தில் இன்னொன்று எடுங்கள். உச்சம் நகர்ந்திருந்தால் இரண்டையும் எனக்கு அனுப்புங்கள், எவ்வளவு நகர்ந்திருக்க வேண்டும் என்று சேர்ந்தே கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.